பர்ன்சைடு பாலம்: வழிகாட்டிச் சுற்றுலா குறித்து

மேரிலாந்தின் ஷார்ப்ஸ்பர்க் அருகே, ஆன்டீட்டம் ஓடையின் மீது 1836இல் மூன்று வளைவுகளுடன் கட்டப்பட்ட இக்கற்பாலத்தைப் பார்ப்பதற்காகக் கட்டணம் செலுத்தி ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தேன். ஆண்டுகளை ஒப்பித்ததோடு தம் வேலை முடிந்தது என்று அவர் கிளம்பப் பார்த்தார். மேற்குக் கரை மேட்டில் நானாகத்தான் ஏற வேண்டியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17 அன்று தெற்குத் தரப்பின் ஏறத்தாழ 500 ஜார்ஜியா வீரர்கள், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய வடக்குப் படையைச் சுமார் மூன்று மணி நேரம் தடுத்து நிறுத்தியது எப்படி என்பது, அங்கே நின்று கீழேயுள்ள குறுகலான பாலத்தைப் பார்த்தால்தான் விளங்குகிறது. பாலத்தை ஒட்டி, போர் நடந்தபோது இளமரமாக இருந்த சிக்கமோர் இன்று அடி பருத்து, கிளை பரப்பி நிற்கிறது. அதையும் அவர் காட்டவில்லை. பாலத்துக்காகக் கட்டாயம் செல்லலாம், வழிகாட்டிக்குக் கொடுத்த பணம்தான் வீண்.