ஆகஸ்டில் ஈரோடு, டிசம்பரில் கோவை: வாசகருக்கு ஓர் ஊர்ப் பயணம்

வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ் வாசிக்கிற கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. ஊருக்கு லீவு போடும்போது கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று மட்டும் பார்க்காமல் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தையும் கணக்கில் வையுங்கள். ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கிற சமயம் அது. நாம் படித்த புத்தகத்தை எழுதியவர் பதிப்பக அரங்கின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ‘வணக்கமுங்க’ என்று போய் நின்றால் போதும், பேசலாம். சிங்கப்பூரில் நூலகத்துத் தமிழ்ப் பகுதியை நம்பியே வருஷக்கணக்காக வாசித்துக்கொண்டிருக்கிற எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். வழியில் கிடைத்த சேவைகள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். போகிறவர்களுக்கு உதவும்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் இருக்கிறது. பீளமேட்டில் இறங்கி அவிநாசி ரோட்டுக்கு வந்துவிட்டால் பெருந்துறை வழியாக ஈரோட்டுக்குப் பஸ் பிடிக்கலாம். எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். அங்கிருந்து கவுந்தப்பாடி, சித்தோடு வழியாக ஈரோட்டுக்கு அடிக்கடி பஸ் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஈரோட்டுக்குள் அம்மாவும் நானும் காசு கொடுக்காமலே சுற்றினோம்.

பணம் விஷயத்தில் மட்டும் முன்யோசனை வேண்டும். 2023இலிருந்து சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் செல்பேசி எண்ணிலேயே நம்முடைய என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) சேர்த்து யூபிஐ பயன்படுத்தலாம். வங்கி வேலையைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இங்கே இளநீர்க் கடையிலும் ஸ்கேன் அட்டைதான் தொங்குகிறது. ஆனால் பொழுது சாய்ந்து கூட்டம் சேர்ந்துவிட்டால் சிக்னல் திணறும். கையில் ரொக்கம் இருந்தால் பில் போடுமிடத்தில் நிற்கிற நேரம் மிச்சம், அந்த நேரத்தில் இன்னும் ஓர் அரங்கைப் பார்த்துவிடலாம்.

ஈரோட்டுத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005இலிருந்து நடத்திவருகிறது. பல வருஷம் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நடந்தது, இப்போது சிக்கய்ய நாயக்கர் கல்லூரி மைதானத்துக்கு வந்துவிட்டது. விலையில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. மாலையில் பெரிய பந்தலில் சொற்பொழிவு. மில் வேலை முடிந்து வந்தவர்கள், கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் எழுதிய நூல்களுக்கென்றே ‘உலகத் தமிழர் படைப்பரங்கம்’ என்று தனியாக வைக்கிறார்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எழுத்தை ஈரோட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பதைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாங்கள் அங்கே எழுதுவதையும் வாசிப்பதையும் சொந்த ஊர் கவனிக்கிறது என்கிற எண்ணம் எத்தனை பெரிய ஆறுதல் என்பது வெளியே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

சிறுகதைக்காரர் ஒருவரைப் பார்க்கத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எங்களிடம் பேசியது நான் எழுதுவதற்காக அல்ல. அம்மா எட்டாவது வரை படித்தவள். அப்பாவோடு சேர்ந்து மஞ்சளும் நெல்லும் வெள்ளாமை செய்தவள். அவருடைய தொகுப்பை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எடுத்து இரண்டு தடவை படித்திருந்தாள். வரிசையில் எங்கள் முறை வந்ததும் நான் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினேன். அம்மா குறுக்கே வந்தாள்.

“ஏனுங் சாமி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கம்மா.”

“அந்தப் பெரிய கதையில தீவாளிக்கு முந்தின ராத்திரி மஞ்சள் வேக வெக்கறாங்கன்னு எழுதியிருக்கீங். ஐப்பசியில நாங்க மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டீட்டுத்தானுங் இருப்போம். வைகாசி, ஆனியில நட்டா தை கடைசி, மாசியிலதான் வெட்டு. அதுக்கப்பறந்தான் வேக வெக்கறது.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “எங்களுது காங்கயம் பக்கமுங்கம்மா. மானாவாரி. சோளமும் கம்பும் தெரியும். மஞ்சக் காட்டுக்குள்ள நான் எறங்குனதே இல்லீங். வேக வெக்கறதைச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் ஆகும்?”

“மணிக்கணக்கெல்லாம் இல்லீங். நொரை கட்டி மேல வரும், வாசம் தூக்கும். தென்னங்குச்சியில குத்திப் பாத்தா மெத்துன்னு எறங்கோணும். அப்ப எடுத்தர்லாம். காஞ்ச மஞ்சத் தழையவேதானுங் அடுப்புக்குப் போடுவோம்.”

பின்னால் நின்ற ஒரு பையன், “இப்பெல்லாம் ஸ்டீம் பாய்லர் காட்டுக்கே வந்துருதுங்கம்மா, கொப்பரையில வேக வெக்கறதெல்லாம் போயிருச்சு” என்றான். “போனாப் போகுது கண்ணு, இவரு கதை நடக்கற காலத்துல கொப்பரைதான்” என்றாள் அம்மா. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் அவர் ஒரு நோட்டை எடுத்து அம்மா சொன்னதை எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டார். விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வேக வைப்பீர்களா என்று அவர் கேட்கவும், தனித்தனியாகத்தான் என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால் இருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

‘நல்லா எழுதறீங்க’ என்று எழுத்தாளரிடம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஐப்பசியில் மஞ்சள் வேகாது என்று சொல்ல, அந்தக் கதைக்குள் நடமாடியிருக்க வேண்டும். அந்தக் காட்டு வரப்பில் அம்மா நின்று பார்த்திருக்கிறாள் என்பது அவருக்கும் புரிந்தது. அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி மரியாதைக்காகக் காட்டியது இல்லை. ஒரு வாரம் கழித்து அம்மாவுக்கு அவரே போன் செய்தார். மஞ்சள் காய வைக்கிற களத்தில் திடீரென்று மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க. அரை மணி நேரம் பேசினார்கள். அப்பா போன பிறகு காட்டைப் பற்றி அம்மாவிடம் இவ்வளவு ஆசையாகக் கேட்டவர் யாருமில்லை, நான் உட்பட.

இதில் நூலகருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அந்தத் தொகுப்பு வந்ததும், “அம்மா, உங்க பக்கத்துக் கதை வந்திருக்குங்க” என்று போன் செய்து சொன்னவர் அவர்தான். யார் எதை விரும்பிப் படிப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அங்கே வாசகர் வட்டம் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் இருக்கிற எழுத்தாளர்களை அவ்வப்போது அழைத்து வந்து பேச வைக்கிறார்கள், டீயும் பிஸ்கட்டும் வட்டத்தில் ஒருவர் பொறுப்பு. 1948இல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ஊரில் வீடு வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரர்களே, நீங்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஊருக்குப் போனால் ஒரு மத்தியானம் அங்கே போய் உட்காருங்கள். இந்தப் பயணத்தில் நான் பார்த்த சேவைகளில் முதல் இடம் அந்த நூலகருக்குத்தான்.

அடுத்து கோவை. டவுன்ஹால் பக்கம் ராஜ வீதியில் விஜயா பதிப்பகம். பட்டியலோடு போனேன். கடையில் இருந்தவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதைப் படிச்சவங்க இதையும் கேப்பாங்க” என்று இன்னும் நாலு புத்தகங்களை எடுத்து வைத்தார். அதில் மூன்று எனக்கு வேண்டியவை. இந்தப் பதிப்பகத்தின் வாசகர் வட்டம் தருகிற விருதுகளில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது, எழுத்தாளர்களோடு நூலகரையும் புத்தக விற்பனையாளரையும் மேடையேற்றுவது. ஊர்க் கிளை நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதன் நியாயம் நன்றாகவே தெரிந்தது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் நடுவில் இவர்கள் இல்லாவிட்டால் என் அம்மா அந்த வரிசையில் நின்றிருக்கவே மாட்டாள்.

எழுதுகிறவரும் படிக்கிறவரும் சேர்ந்து நிற்கிற இந்தப் பழக்கம் கோவைக்குப் புதிதில்லை. 1971இல் வானம்பாடி என்கிற புதுக்கவிதை இயக்கத்துக் கவிஞர்கள் கிளம்பியது இங்கேதான். விமர்சகர் கோவை ஞானிக்கு நீரிழிவால் பார்வை போன பிறகு, பக்கத்தில் ஒருவர் வாசிக்க, அவர் கேட்டு, சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, புத்தகங்கள் தொடர்ந்து வந்தன. 2020இல் அவர் காலமானார். வாசிப்பவரின் குரல் வழியாகவே ஒருவர் இத்தனை காலம் எழுத்துலகில் இருந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

ஆகஸ்டில் வர முடியாதவர்கள் டிசம்பரில் வாருங்கள். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இலிருந்து வருஷாவருஷம் மூத்த படைப்பாளி ஒருவருக்கு விருது கொடுக்கிறது. விழா கோவையில், இரண்டு நாள். எனக்குப் பிடித்தது விருது கொடுக்கிற மேடையைவிட அதற்கு முந்தைய அமர்வுகள்தான். எழுத்தாளர்களை முன்னால் உட்கார வைத்து வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கிறவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள், ‘எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்’ என்கிற கேள்விக்கு அங்கே வேலையில்லை. 2013இல் இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப்புக்கும் 2017இல் மலேசியாவின் சீ. முத்துசாமிக்கும் இந்த விருது கிடைத்தது. தோட்டப்புற வாழ்க்கையை எழுதிய இருவரையும் கொங்கு நாட்டு வாசகர்கள் கூப்பிட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள். சிங்கப்பூருக்குப் பக்கத்து நாட்டு எழுத்தாளரான முத்துசாமியின் அருமையைக் கோவையில் இருந்த என் சிநேகிதி சொல்லித்தான் நான் தேடிப் படித்தேன். அதிலிருந்து ஜொகூர் பாரு பக்கம் போகும்போதெல்லாம் ரப்பர்த் தோட்டங்களை வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

இனி வாங்கிய புத்தகங்களைக் கொண்டு சேர்க்கிற கதை. இதில்தான் மனசு நொந்தேன். பெங்களூரில் இருக்கிற தங்கைக்கு ஒரு பெட்டி புத்தகத்தைத் தனியார் கூரியர் ஒன்றில் போட்டேன். ‘புத்தகம், நனையக் கூடாது’ என்று பெட்டியின் நாலு பக்கமும் எழுதிக் கொடுத்தும், ஈரத்தில் ஊறி அட்டை பிரிந்துதான் போய்ச் சேர்ந்தது. கையெழுத்து வாங்கிய பிரதி ஒன்றும் அதில் போயிற்று, மை கரைந்து நீலக் கறையாகக் கிடக்கிறது. புகார் எண் கொடுத்தார்கள், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது கட்டைத் தபால் நிலையத்தில் போட்டேன். 2024 டிசம்பரில் பழைய புத்தகத் தபால் சலுகையை நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்களும் வாசகர்களும் வருந்தினார்கள். அதற்கு மாற்றாக 2025 மே மாதத்திலிருந்து ‘ஞான் போஸ்ட்’ என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. உள்நாட்டுக்கு மட்டும்தான். கவுன்டரில் இருந்த அம்மணி, “உள்ள பாலிதீன் சுத்தி, அதுக்கு மேல காக்கித்தாள் ஒட்டிக்கிட்டு வாங்க” என்று சொல்லி, பக்கத்து ஸ்டேஷனரிக் கடையையும் கைகாட்டினார். அந்தக் கட்டு ஒரு மடிப்புக்கூட விழாமல் தங்கை வீட்டுக்குப் போயிற்று. கையெழுத்துப் போட்ட பிரதிகளை மட்டும் தபாலுக்கும் தராமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. எந்த எழுத்தாளர் எந்த நாள் எந்த அரங்கில் இருப்பார் என்பதைப் பதிப்பகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், சனி ஞாயிறு மாலைகளில் வாய்ப்பு அதிகம். பார்க்கப் போகிறவரின் ஒரு புத்தகத்தையாவது விமானத்திலேயே முடித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு உட்கார நாற்காலி கேட்டால் எந்த அரங்கிலும் எடுத்துப் போடுகிறார்கள். அம்மா அடுத்த ஆகஸ்டுக்கு இப்போதே இரண்டு பேர் புத்தகத்தை நூலகரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்று தறிக்காரர் வீட்டுக் கதையாம். தறியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதால், சென்னிமலையில் இருக்கிற சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறாள்.