பெயரில் இடைவெளி இருக்கட்டும்: ஷெல் ஸ்கிரிப்டோடு நெடுநாள் அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு போட்டோ, வீடியோ ஸ்டுடியோவின் கோப்புகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. கல்யாணம், வளைகாப்பு, கடை திறப்பு, சித்திரையிலும் ஆடியிலும் சுற்றுவட்டாரக் கோயில் கொடைத் திருவிழாக்கள் என்று எடுப்பதெல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் வந்து சேரும். வீடியோவைச் சிறிதாக்குவது, வேறு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது, தேவையில்லாததைக் கழிப்பது எல்லாமே பேஷ் ஸ்கிரிப்ட் வேலை. நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர், பேஷ் அதில் ஒரு வகை; ஸ்கிரிப்ட் என்பது அப்படிப்பட்ட கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. இதில் வருஷக்கணக்காக என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோப்புப் பெயரில் வரும் இடைவெளிதான். எந்த வழி நின்றது, எதை ஒதுக்கினேன் என்று எழுதுகிறேன்.

கேமரா வைக்கும் பெயரில் தொல்லை கிடையாது. டிசிஎஃப் என்ற கேமராத் தரம், முதலில் நான்கு எழுத்து, பிறகு நான்கு இலக்கம் என்று கட்டிப்போட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கும் படத்தில் தேதிக்கு முன்னும் பின்னும் நேரத்துக்குப் பக்கத்திலும் இடைவெளி வரும். மனிதர் வைக்கும் பெயருக்கோ கேட்கவே வேண்டாம்: "மேலப்பாளையம் கடை திறப்பு", "சுடலை மாடன் கொடை வில்லுப்பாட்டு 2" என்று பேசுகிற மாதிரியே இருக்கும்.

எல்லா இடைவெளியையும் அடிக்கோடாக மாற்றிவிடு என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டுடியோ அண்ணாச்சி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "பேரை மட்டும் மாத்திராதீய தம்பி. அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆளு தேடி வாராவ." அவர் சொன்னதில் தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்பு ஒவ்வொரு வீடியோவையும் முழுப் பாதையோடு நினைவில் வைத்திருக்கும். பெயரை மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போது எல்லாக் காட்சியும் காணவில்லை என்று நிற்கும். நகல் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளை, பெயர் மாறிய கோப்பைப் புதுக்கோப்பு என்று எடுத்துக்கொண்டு மறுபடி முழுசாக நகல் எடுக்கும். கொடைக் கமிட்டிக்காரர்கள் கையில் இருக்கும் பென் டிரைவில் பழைய பெயர், நம்மிடம் வேறு பெயர். பெயர் வைத்தவருக்கு உரியது பெயர். அதைச் சேதமில்லாமல் சுமக்க வேண்டியது ஸ்கிரிப்டின் வேலை.

சரி, ஷெல் என்னதான் செய்கிறது? ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த பெயர் $1-ல் இருக்கிறது. அது "மாடன் கொடை வில்லுப்பாட்டு 2" என்று வைத்துக்கொள்வோம். வெறும் $1 என்று எழுதினால், ஷெல் அந்த இடத்தில் மதிப்பை வைத்துவிட்டு, ஐஎஃப்எஸ் என்ற வேரியபிளில் உள்ள குறிகள் வரும் இடமெல்லாம் அதை வெட்டும். வழக்கமாக அதில் ஸ்பேஸ், டேப், புதுவரி மூன்றும் இருக்கும். ஆக, கட்டளைக்குப் போய்ச் சேருவது மாடன், கொடை, வில்லுப்பாட்டு, 2 என்ற நான்கு பெயர்கள். 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல் காலத்து வழக்கம் இது. பேஷும் அதையே தொடர்கிறது. அதோடு நிற்பதில்லை. வெட்டிய துண்டில் நட்சத்திரக் குறி இருந்தால் அதற்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களைக் கொண்டுவந்து வைக்கும். முக்கியம் என்பதற்காக ஒருவர் "* பெரிய வீட்டுக் கல்யாணம்" என்று மேக்கில் பெயர் வைத்திருந்தால், அந்த நட்சத்திரம் ஃபோல்டரில் இருக்கும் மொத்தக் கோப்புகளாகவும் விரியும்.

நகல் எடுக்கும் கட்டளையில் இது பெரும்பாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற செய்தியோடு போய்விடும். அழிக்கும் கட்டளையில்தான் ஆபத்து. "கொடை பழசு" என்ற ஃபோல்டரைக் கழிக்க ஆர்எம் -ஆர் $1 என்று எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே "கொடை" என்ற ஃபோல்டரும் இருக்கிறது. ஓட்டினால் போவது "கொடை". அப்புறம் "பழசு" என்று ஒன்று இல்லை என்று ஒரு பிழைச் செய்தி வரும். கழிக்க நினைத்த "கொடை பழசு" அசையாமல் இருக்கும். அந்தச் செய்தியைப் படிப்பவர் எதுவும் அழியவில்லை என்றே நினைப்பார். இது கற்பனையான பயம் இல்லை. 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0-இன் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்டில் இதே கோட் இல்லாத, அதாவது பெயரைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாத குறைதான். டிஸ்க் பிரிவின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சில மேக்குகளில் தகவலை அழித்துவிட்டது. உடனே திரும்பப் பெற்று 2.0.1 கொடுத்தார்கள்.

மருந்து இரண்டு டபுள் கோட். $1 வருமிடமெல்லாம் "$1". வெட்டும் வேலை, நட்சத்திரம் விரியும் வேலை இரண்டும் அதற்குள் நடக்காது. வந்த எல்லாப் பெயரையும் இன்னொரு கட்டளைக்குக் கடத்த "$@" மட்டுமே சரி. ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக முழுசாகப் போகும். "$*" எல்லாவற்றையும் ஒரே நீள வரியாக ஒட்டிவிடும். ஒரு கட்டளையின் விடையை $( ) வைத்து எடுக்கும்போது வெளியே ஒரு கோட், உள்ளே ஒரு கோட் வரும். ஒன்றோடொன்று மோதுமோ என்று பலர் தயங்குகிறார்கள். மோதாது. அடைப்புக்குள் கோட் கணக்கு புதிதாகத் தொடங்கும். வேரியபிளுக்கு மதிப்பு வைக்கும்போதும் இரட்டைச் சதுர அடைப்புச் சோதனைக்குள்ளும் பேஷ் வெட்டுவதில்லை என்பது உண்மை. இருந்தாலும் எங்கே வேண்டாம் என்று நினைவில் வைப்பதைவிட எல்லா இடத்திலும் போடுவது கைக்குச் சுலபம்.

எடிட்டிங் பார்க்கும் தம்பி மேக் வைத்திருக்கிறார். 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல் இசட்ஷெல். அது கோட் போடாத வேரியபிளை வெட்டாது. அதனால் அவர் மேக்கில் அருமையாக ஓடிய வரி, சர்வரில் பேஷுக்கு வந்ததும் பெயரைத் துண்டு போட்டது. இரண்டு ஷெல்லுக்கும் பொதுவாக எழுத வேண்டுமென்றால் கோட் போட்டே ஆக வேண்டும்.

பல கோப்புகளை வரிசையாக எடுக்கும்போது, கோப்புப் பெயர்களைக் காட்டும் எல்எஸ் கட்டளை கொடுக்கும் பட்டியலை ஃபார் லூப்பில் (ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பு) நுழைப்பதை அடியோடு விட்டாயிற்று. ஒரே ஃபோல்டர் என்றால் ./* என்று நேரடியாக நட்சத்திரம் போதும். நட்சத்திரம் விரிந்து வரும் பெயரை ஷெல் மறுபடி வெட்டுவதில்லை. முன்னால் உள்ள ./ எதற்கென்றால், பெயர் '-' என்று தொடங்கினால் கட்டளை அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். வரும் பெயர் எதுவென்று தெரியாத இடத்தில் பெயருக்கு முன்னால் -- போடுவதும் அதே காரணத்துக்குத்தான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போனால், கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளை. யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயரில் வரவே முடியாதவை இரண்டு: சாய்கோடும் பூஜ்ய பைட்டும். புதுவரிகூடப் பெயரில் இருக்கலாம். பாதையில் சாய்கோடு வரும் என்பதால், பாதைகளைப் பிரிக்க நம்பகமாக மிஞ்சுவது பூஜ்ய பைட் மட்டுமே. ஃபைண்டில் -பிரிண்ட்0, பெயர்களை வாங்கி வேறு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸில் -0 இருப்பது இதற்காகத்தான். -0 இல்லாத எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளியில் வெட்டுவதோடு, பெயரில் ஒற்றை கோட் வந்தாலும் தடுமாறும். "மேரி'ஸ் பர்த்டே" என்று ஒரு ஆல்பம் இருந்தால் போதும், ஜோடி கோட் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். லினக்ஸில் வரும் குனு கருவிகளில் நெடுங்காலமாக இருந்த இந்த இரண்டையும், யூனிக்ஸ் வகைகளுக்கெல்லாம் பொதுவான போஸிக்ஸ் தரத்தின் 2024 பதிப்பு சேர்த்துக்கொண்டுவிட்டது.

வீடியோ மாற்றும் ஸ்கிரிப்டில் ஃபைண்டின் விடையை வைல் லூப்பில், ஒவ்வொரு பெயராகப் படிக்கும் ரீட் கட்டளை வழியாக எடுக்கிறேன். ஐஎஃப்எஸ்= என்று காலியாக வைத்தால் பெயரின் முன்பின் இடைவெளி உதிராது; -ஆர் போட்டால் பின்சாய்கோடு தப்பும்; -டி '' என்றால் பூஜ்ய பைட் வரை ஒரு பெயர். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு வினோதம் நடக்கும். முதல் வீடியோ ஒழுங்காக மாறும், அடுத்த பெயர் தலை வெட்டுப்பட்டு வரும். காரணம் இடைவெளி இல்லை. வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவி ஓடும்போது கீபோர்டில் ஏதாவது அழுத்துகிறார்களா என்று உள்ளீட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். லூப்புக்குள் அந்த உள்ளீடு நம் பெயர்ப் பட்டியல்தான். அதன் முன்பகுதியைத் தின்றுவிடும். -நோஸ்டிடின் என்ற ஆப்ஷன் போட்டால் தீர்ந்தது. இடைவெளிப் பிரச்சினை என்று நினைத்து இதில் நாள் கணக்கில் தலையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

அடுத்தது அர்ரே, அதாவது பல மதிப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் வேரியபிள். ஆர்சிங்குக்கு எந்த ஃபோல்டரை விட வேண்டும் என்ற ஆப்ஷன்களை ஒரே வேரியபிளில் சேர்த்து வைத்தால், "டிரோன் காட்சி" போன்ற பெயர் வந்ததும் சிக்கல். வேரியபிளின் மதிப்புக்குள்ளேயே கோட் போட்டாலும் பலன் இல்லை. ஷெல் அதை வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். அந்த இடத்தில் பலர், எழுத்தைக் கட்டளையாக ஓட்டும் ஈவல் பக்கம் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பெயரில் இருப்பதெல்லாம் கட்டளையாக ஓடும் வாய்ப்பைத் திறந்துவிடும் வழி அது. அர்ரேயில் ஒவ்வொரு ஆப்ஷனையும் தனி உறுப்பாகச் சேர்த்து, கடைசியில் கோட்டுக்குள் [@] போட்டு விரித்தால் எந்தப் பெயரும் பிசகாது. ஐஎஃப்எஸ்ஸைப் புதுவரி மட்டும் என்று ஸ்கிரிப்டின் தலையில் மாற்றிவிடும் குறுக்கு வழியும் பார்த்தேன். நட்சத்திரம் விரிவதை அது தடுக்காது, கீழே வரும் வேறு வரிகளின் நடத்தையையும் மாற்றிவிடும். எனக்குச் சரிப்படவில்லை.

ஷெல்செக் இல்லாமல் இப்போது எந்த ஸ்கிரிப்டையும் சர்வரில் ஏற்றுவதில்லை. விடார் ஹோலன் எழுதிய இலவசக் கருவி. கோட் விட்டுப்போன இடத்தை எஸ்சி2086 என்ற எண்ணோடு காட்டும். எல்எஸ் பட்டியலில் லூப் ஓட்டினால் எஸ்சி2045. கோட் போட மறந்த ஒரு வரியை இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண் தாண்டிப் போய்விடும், இது தாண்டாது.

வேறு சில சேதி. எல்எஸ் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 2016-ல் வந்த 8.25 பதிப்பிலிருந்து எல்எஸ் டெர்மினலில் இடைவெளியுள்ள பெயரை ஒற்றை கோட்டுக்குள் காட்டுகிறது. அந்த கோட் பெயரின் பாகம் இல்லை. முன்பு, வேறு கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கும் எஸ்சிபியில் மறுமுனைப் பாதைக்கு இரண்டு அடுக்கு கோட் போட வேண்டியிருந்தது. எஸ்சிபி அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தொகுப்பின் 9.0 பதிப்பு 2022 ஏப்ரலில் எஸ்எஃப்டிபி என்ற வேறு அனுப்பும் முறைக்கு மாறியதும் அந்தத் தொல்லை போயிற்று. மேக்ஃபைல் (make என்ற கருவி படிக்கும் வேலைப் பட்டியல், ஆப்பிள் மேக் இல்லை) மட்டும் இடைவெளியோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆல்பம் வேலைக்கு அதை எடுப்பதில்லை.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க் அமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகள். "திருநெல்வேலி" என்பதற்கே 36 பைட். கொடை அழைப்பிதழின் தலைப்பை "அருள்மிகு" தொடங்கி அப்படியே பெயராக ஒட்டினால், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் இருந்த கோப்பு சர்வருக்கு வர மறுக்கும். எக்ஸ்ஃபேட்டில் கணக்கு பைட்டில் இல்லை, 255 குறியீடு வரை போகலாம். ஸ்கிரிப்டில் நகல் எடுக்கும் முன்பே பெயரின் பைட் நீளத்தைப் பார்த்து, தாண்டியவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுகிறேன். எதைச் சுருக்கலாம் என்று அவர்தான் முடிவு செய்வார்.

இன்னொன்று "கொடை" என்ற சொல்லிலேயே இருக்கிறது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் இரண்டாகப் பிரித்தே வைக்கும். லினக்ஸ் கீபோர்டில் நாம் அடிப்பது பெரும்பாலும் ஒன்று. பைட் வேறு என்பதால், கோட் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தும் ஃபைண்ட் "கொடை"யைக் கண்டுபிடிக்காது. பெயரைத் தொடுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான், படிப்பவருக்குப் பெயர் மாறாது என்பதால். கான்எம்வி என்ற கருவியை --என்எஃப்சி ஆப்ஷனோடு ஓட்டுகிறேன். --நோடெஸ்ட் கொடுக்கும்வரை அது எதையும் தொடாமல் என்னென்ன மாறும் என்று பட்டியல் மட்டும் போடும். அதை வரிவரியாகப் படித்த பிறகுதான் --நோடெஸ்ட் சேர்ப்பேன், அதுவும் அந்த ஃபோல்டரைக் குறிக்கும் எடிட்டிங் ப்ராஜெக்ட் எல்லாம் முடிந்த பிறகு.