ஊட்டிக் குளிரில் திறக்காத பெட்ரோல் மூடி: வெளியிலிருந்து நெம்புவதா, உள்ளிருந்து இழுப்பதா?

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் உறைபனி விழும். இரவெல்லாம் வாசலில் நின்ற காரில் லீவரை இழுத்தாலும் பெட்ரோல் டேங்கின் வெளிமூடி சில நாள் அசையாது.

முதல் வழி வெளியிலிருந்து. ஒருவர் லீவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பழைய பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் செருகி மெல்ல நெம்ப வேண்டும். பனி ஒட்டியிருந்தாலோ, மூடியைத் தள்ளும் ஸ்பிரிங் வலுவிழந்திருந்தாலோ இதுவே போதும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் மேலே வைத்தால் இன்னும் எளிது. கொதிநீர் வேண்டவே வேண்டாம். பெயின்ட் பாழாகும், வழிந்த நீர் மறுபடி உறையும். ஸ்க்ரூடிரைவரும் கூடாது. அது விட்டுச்செல்லும் கீறலில் மலைப்பகுதி ஈரம் துருவாக வளரும்.

இரண்டாவது உள்ளிருந்து. டிக்கியில் அந்தப் பக்கத்து உறையை விலக்கினால், பல கார்களில் லீவரையும் மூடியின் பூட்டையும் இணைக்கும் கேபிளின் மறுமுனை கைக்கு எட்டும்; அதை இழுக்கலாம். மின்பூட்டு உள்ள சிலவற்றில் அவசரத்துக்கென்றே ஒரு சிறு கயிறு இருக்கும். டார்ச்சும் பொறுமையும் தேவை. உறையின் கிளிப்புகள் குளிரில் எளிதில் முறியும்.

லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். அப்போது வெளியே நெம்பினால் பூட்டின் நாக்குதான் உடையும். நேராக டிக்கிக்குப் போங்கள். லீவர் இறுக்கமாக இருந்து, மூடி மட்டும் அசையாவிட்டால் துணியும் அட்டையும்தான் என் தேர்வு. திறந்ததும் கீலைத் துடைத்துச் சிறிது சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள்.