ஒரே ஒரு ஃப்ளாட் இருக்கிறது: உயிலா, செட்டில்மெண்டா?

அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் சென்னை வீடுகளில் சொத்துப் பேச்சு எழுந்தாலே ஒரு யோசனை வந்துவிடும்: "உயில் எழுதினா பின்னாடி பிள்ளைங்க ஹைகோர்ட்டுக்கு அலையணும், பேசாம இப்பவே செட்டில்மெண்ட் பண்ணிடுங்க." செட்டில்மெண்ட் என்றால், உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவது. இந்த யோசனையில் முன்பு நியாயம் இருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆவது பிரிவுப்படி, சென்னை, மும்பை, கொல்கத்தாவில் இந்துக்கள் எழுதும் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற சான்று, வாங்கியாக வேண்டியிருந்தது. அதற்கு மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் ஆனது. ஆனால் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. காரணம் போன பிறகும் அறிவுரை மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி, இருக்கும் ஒரே வீட்டைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குக் கவலையே அதுதான்.

செட்டில்மெண்டின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த உடனேயே சொத்து கைமாறிவிடும், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டா மாற்றுவதும் சுலபம், பின்னாளில் சாட்சியைத் தேடி அலைய வேண்டாம். செலவும் அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செய்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும்தான். ஆக, ஒரு கோடி ரூபாய் ஃப்ளாட்டுக்கு 50,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

சரி, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் நடுவில் வரும் ஒரு வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "இன்று முதல் மேற்படி சொத்தைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று இருக்கும். இன்று முதல் என்றால் நிஜமாகவே இன்று முதல். நாளைக்கே மகன் அதை அடமானம் வைக்கலாம், விற்கலாம், பெரியவர்களை வெளியே போகச் சொல்லவும் செய்யலாம். மனசு மாறி நாமே போய் ரத்துப் பத்திரம் எழுத முடியாது. ஒருதலையாக எழுதும் ரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது என்று 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே தீர்ப்பளித்துவிட்டது.

மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லி சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது, வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், பெரியவர்களுக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புதான், ஆனாலும் எழுபத்தைந்து வயதில் பெற்ற பிள்ளை மேலேயே மனு போட்டு, விசாரணைக்குப் போய் நிற்க எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்?

உயிலில் இந்தப் பயம் கிடையாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் ஒரு சதுர அடி கூடப் போகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயம் இல்லை. என்றாலும் பதிவு செய்துவிடுவதே நல்லது, போலி என்று யாராவது கிளப்பினால் கைகொடுக்கும். உயிலுக்கு இருக்கும் பலவீனம், அது பேசும்போது எழுதியவர் இருக்க மாட்டார். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். அதனால் சம வயது நண்பரைப் பிடிக்காமல் இளையவர்களாகப் பாருங்கள், சொத்து பெறுபவரையோ அவர் மனைவியையோ சாட்சியாகப் போட வேண்டாம். வயது ரொம்ப ஆகிவிட்டது என்றால் அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் வேண்டாம், சட்டப்படி போகட்டும் என்று விட்டால்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. பலர் மறப்பது இந்த அம்மா பங்கைத்தான். அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால், அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும். ஃப்ளாட்டை விற்கும் நாளில் மனைவி தன் கொழுந்தனிடமும் நாத்தனாரிடமும் கையெழுத்துக்கு நிற்க வேண்டி வரும். அப்புறம், பேங்கில் நாமினி போட்டிருக்கிறோமே என்று தைரியமாக இருப்பவர்களுக்கு: நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கே.

என் கருத்து இதுதான். இருப்பது ஒரே வீடு, அதில்தான் குடியிருக்கிறீர்கள் என்றால் உயில்தான், முதலில் கணவன் மனைவி ஒருவருக்கொருவர், பிறகு பிள்ளைகளுக்கு. இரண்டாவது மனை இருக்கிறது, அதில் மகள் வீடு கட்டப் போகிறாள் என்றால் தாராளமாக செட்டில்மெண்ட் செய்யுங்கள். குடியிருக்கும் வீட்டையே செட்டில்மெண்ட் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உங்களுக்கே என்பதையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் வழக்கமா போடறதில்ல சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

உயில் எழுதினால் அதை நிறைவேற்றி வைக்க ஒருவர் பெயரையும் அதிலேயே போட்டு, தாய்ப்பத்திரமும் உயிலும் எந்த பீரோவில் இருக்கின்றன என்று அவரிடம் சொல்லி வையுங்கள். செட்டில்மெண்ட் வில்லங்கச் சான்றில் தெரியும், உயில் தெரியாது.