272 கிராம் போதும்: லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 1.5-4×20 ஸ்கோப்

அமெரிக்காவின் வடகிழக்கில் மெயின், வெர்மான்ட், நியூயார்க்கின் அடிரோண்டாக் மலைப்பகுதி போன்ற அடர்காடுகளில் வெள்ளைவால் மானைச் சுடும் தூரம் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் முடிந்துவிடும். ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் 40 கெஜமே அதிகம். மான் நின்று காட்டாது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு தோள்பட்டை தெரியும், அடுத்த நொடி காணாமல் போகும். இப்படிப்பட்ட காட்டுக்கு ஸ்கோப் (துப்பாக்கிமேல் மாட்டும் குறிநோக்கி) வேண்டும் என்று கேட்டாலும் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது 3-9×40 தான், அதாவது 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப். நல்ல பொருள்தான், ஆனால் மிகக் குறைந்த 3 பவரில் (3 மடங்கில்) வைத்தாலும் 100 கெஜத்தில் சுமார் 33 அடி அகலமே அதில் தெரியும். 1.5 பவரில் 70 அடிக்கு மேல் தெரியும். 30 கெஜத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றில் 10 அடி, மற்றொன்றில் 21 அடி. ஓடத் தொடங்கிவிட்ட மானைக் கண்ணாடிக்குள் பிடிக்க முடியுமா என்பதை இந்த 11 அடிதான் தீர்மானிக்கிறது.

விஎக்ஸ்-ஃப்ரீடம் வரிசையை ஓரிகன் மாநிலத்தின் லூபோல்ட் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்தது. பழைய விஎக்ஸ்-1, விஎக்ஸ்-2 இரண்டின் இடத்துக்கும் வந்த வரிசை இது. அதில் சின்னது 1.5-4×20. ஒரு அங்குலக் குழாய், 9.6 அவுன்ஸ் (272 கிராம்) எடை, நீளம் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று அதிகம், விலை 300 டாலர் வட்டாரத்தில். முன்பக்கம் புனல் மாதிரி விரியாமல் நேர்க்குழாயாகவே முடிகிறது. இதன் பலன் மாட்டும்போதுதான் தெரியும்.

முதலில் எடையைப் பார்ப்போம். அதே வரிசையின் 3-9×40 சுமார் 12.2 அவுன்ஸ். ட்ரிஜிகான் அக்யூபாயின்ட் 1-4×24 சுமார் 14.4. ஸ்வரோவ்ஸ்கி இசட்8ஐ 1-8×24 சுமார் 18. வோர்டெக்ஸ் வைப்பர் பிஎஸ்டி இரண்டாம் தலைமுறை 1-6×24 ஏறக்குறைய 22.7 அவுன்ஸ். கடைசியாகச் சொன்னது ஏஆர்-15 துப்பாக்கிக்கும் போட்டிக் களத்துக்கும் பொருத்தமானது. அதற்கு முன்னோக்கி நீண்ட ஒற்றை மவுன்ட்டும் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடிப்பு) போட்டால் இன்னும் ஏழெட்டு அவுன்ஸ் ஏறும். கிம்பர் 84எம் மொன்டானா வெறும் ஐந்து பவுண்டு சொச்சம் எடையுள்ள துப்பாக்கி. அதன் தலையில் மவுன்ட்டோடு சேர்த்து இரண்டு பவுண்டை ஏற்றினால், இலேசான துப்பாக்கிக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். மொத்த எடையைவிட அந்த எடை உட்காரும் இடம்தான் பெரிய தொல்லை. கனமெல்லாம் ஆக்‌ஷனுக்கு (தோட்டா ஏறும் இயக்கப் பகுதிக்கு) மேலே ஏறிவிட்டால், ஒரு கையில் தூக்கி நடக்கும்போது துப்பாக்கி உருண்டு திரும்பப் பார்க்கும், தோளுக்குக் கொண்டுவரும்போதும் தலை ஆடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்னுதைப்பின்போது, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்கள் பிடித்து நிறுத்த வேண்டியது ஸ்கோப்பின் எடையைத்தான். எடை குறைந்தால் .45-70, .375 போன்ற பலமாக உதைக்கும் தோட்டாக்களில்கூட ஸ்கோப் வளையத்துக்குள் நழுவும் வாய்ப்பு குறைகிறது.

20 மில்லிமீட்டர் கண்ணாடி அந்திவேளைக்குப் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இங்கே 4 பவரில் 5 மி.மீ. 3-9×40 ஸ்கோப்பை 9 பவரில் வைத்தால் 4.4 மி.மீ. மட்டுமே. 1-6×24 ஸ்கோப்புகளில் 6 பவரில் 4 மி.மீ. ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கண்மணி இருட்டில்கூட 5 மி.மீ.க்கு மேல் பெரிதாக விரிவதில்லை. ஆகவே வெளிச்சம் குறைவது பற்றிய கவலை தேவையில்லை. இந்த ஸ்கோப் அந்தியில் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. அது ரெட்டிக்கிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கம்பி.

மெயினில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மான் சுட அனுமதி உண்டு. நவம்பரில் ஹெம்லாக் மரங்களுக்குக் கீழே அந்தக் கடைசி பதினைந்து நிமிடத்தில் மான் தெரியும், மெல்லிய கம்பி தெரியாது. இந்த மாடலில் பரவலாகக் கிடைக்கும் பிக்-பிளெக்ஸ், எம்.ஓ.ஏ.-ரிங் என்ற இரண்டு ரெட்டிக்கிள்களின் நடுக்கோடுகளும் கருத்த புதரின் மேல் கரைந்துவிடுகின்றன. லூபோல்ட் 1962-இல் அறிமுகப்படுத்திய டூப்ளெக்ஸ் அமைப்பில் வெளிப்பாதி தடிமனாக இருக்கும். நடு மறைந்தாலும் நான்கு தடித்த கம்பிகளும் கண்ணை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். காட்டுக்கு அதுவே மேல். கிடைக்கும் வரை காத்திருந்து வாங்கலாம்.

ஒளிரும் புள்ளி இல்லாமல் முடியாது என்பவர்கள் அக்யூபாயின்ட் 1-4×24 பக்கம் போக வேண்டும். அதில் பகலில் ஒளியிழையும் இருட்டில் ட்ரிடியம் என்ற கதிரியக்க வாயுவும் வெளிச்சம் தருகின்றன, பேட்டரி கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே போகும் காலையில் நாணய பேட்டரி சோர்ந்து நிற்கும் தொல்லையும் இல்லை. ஆனால் ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதற்குள் அது பாதியாகிவிடும். பழையதாக வாங்கினால் தயாரித்த ஆண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் குவியத் தளத்தில் ரெட்டிக்கிள் இருக்கும் ஸ்கோப்புகள் இப்போது நாகரிகம். குறைந்த பவர் வேட்டைக்கு அவை ஒத்துவராது. பவரைக் குறைக்கக் குறைக்க ரெட்டிக்கிளும் சுருங்கும் என்பதால், மான் கிட்டத்தில் பாயும் நேரத்தில், 1 பவரில், நூலிழையாகத்தான் தெரியும். விஎக்ஸ்-ஃப்ரீடம் இரண்டாம் குவியத் தளம். ரெட்டிக்கிள் எந்தப் பவரிலும் ஒரே தடிமன்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி நாலு அங்குலத்தை ஒட்டி இருக்கிறது. 1.5 பவரில் சற்று அதிகம், 4 பவரில் சற்றுக் குறைவு. மலிவு ஸ்கோப்புகளில் இது மூன்று அங்குலம்தான் இருக்கும். மேட்டை நோக்கிச் சுடும்போது தலை தானாக முன்னே போகும், அப்போது பின்னுதைப்பில் ஸ்கோப் இடித்துப் புருவத்துக்கு மேல் அரைவட்டமாகத் தையல் விழும். மார்லின் 1895 மாடல் .45-70 துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மூன்றரை அங்குலத்துக்குக் கீழே எதையும் தொட வேண்டாம்.

கண் ஓரத்துக்குப் போனால் குறி விலகித் தெரியும் பிழைதான் பேரலாக்ஸ். சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் தட்டிச் சுடும்) துப்பாக்கிகளுக்கு அது 150 கெஜத்தில் இல்லாதபடி லூபோல்ட் அமைக்கிறது. 40 கெஜத்தில் பிசகுமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். கண் முழுக்க ஓரத்துக்குப் போனாலும் இந்தச் சின்னக் கண்ணாடியில் பிழை அதிகபட்சம் 7 மி.மீ.தான்.

மாட்டும் வேலைதான் இதில் கெட்டுப்போகும் இடம். நேர்க்குழாய் என்பதால் முன்வளையத்தை டரட்டுக்கு (குறியைத் திருத்தும் குமிழுக்கு) முன்னால் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், தாழ்வான வளையம் போதும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்து கண் தானாக நேர்கோட்டுக்கு வரும். ஆனால் மொத்தக் குழாயே குட்டை. .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி நீள ஆக்‌ஷனில் இரண்டு தனித்தனி பேஸ்கள் (வளையங்களுக்கு அடியில் திருகும் தாங்குதகடுகள்) போட்டால் வளையங்களின் இடைவெளிக்குக் குழாய் எட்டாது. எட்டினாலும் டரட் பெட்டி வளையத்தில் முட்டி, ஸ்கோப்பை முன்பின் நகர்த்த இடம் இருக்காது. ஒற்றை நீள ரயில் அல்லது உள்நோக்கி நீளும் வளையம் தேவைப்படும். வாங்கும் முன் இரண்டு வளையங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, நிறுவனத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பழைய மவுசர் 98 என்றால் நிமிர்ந்து நிற்கும் சிறகு சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) தாழ்ந்த ஸ்கோப்பின் கண்பக்கத்தில் இடிக்கும். சேஃப்டியை மாற்றாமல் மாட்ட முடியாது. வின்செஸ்டர் 94 என்றால் 1980களின் தொடக்கத்தில் வந்த ஆங்கிள் இஜெக்ட் மாடல்தானா என்று பாருங்கள். அதற்கு முந்தையவை காலித் தோட்டாவை நேராக மேலே வீசும், நடுவில் மாட்டிய ஸ்கோப் அதை மறிக்கும்.

பேஸ் திருகுகளின் மரையை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நீல நிற மரைப்பசை ஒரு துளி விட்டு, சுமார் 20 இன்ச்-பவுண்டு முறுக்குவிசையில் இறுக்குங்கள். முன்பக்கத் திருகு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் உள்ளே நீட்டிக்கொண்டு குழலின் மரையையோ போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டின்) காதையோ தொடும். திருகு இறுகிவிட்டது போல் கைக்குத் தெரியும், பேஸ் அடியில் ஆடிக்கொண்டிருக்கும். மாட்டிய பிறகு போல்ட் திடீரென்று இறுகினால் முதலில் அந்தத் திருகைக் கழற்றிப் பாருங்கள். வளையத் திருகுகளுக்குப் பசை வேண்டாம். 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்க இடுக்கும் சமமாக இருக்கும்படி. வளையத்தோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. ஆலன் சாவியால் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஒரு அங்குல அலுமினியக் குழாய் நசுங்கும். அதன் அடையாளங்கள் இரண்டு: பவர் வளையம் திருக இறுகும், அல்லது டரட்டைத் திருகிக் கிளிக் கொடுத்தும் குண்டு விழும் இடம் நகராமல் மூன்று நாலு சுட்ட பிறகு தாவும். பலர் அப்போது ஸ்கோப் கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இறுக்கும் முன் கண் தூரத்தை அமைக்க வேண்டும். காட்டுக்குப் போடும் கனத்த ஜாக்கெட்டோடு, 4 பவரில் செய்யுங்கள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டுத் திறந்தால், கழுத்தை நீட்டாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். டிஷர்ட்டோடு அமைத்தால் நவம்பரில் முக்கால் அங்குலம் பிசகும்.

குறி சேர்க்க 25 கெஜத்தில் தொடங்குங்கள். கால் எம்.ஓ.ஏ. (100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம்) கிளிக் அங்கே ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக். 100 கெஜத்தில் 4 கிளிக். .30-30-இல் ஹார்னடி நிறுவனத்தின் 160 கிரெய்ன் எடைக் குண்டுள்ள லெவரெவல்யூஷன் தோட்டா என்றால் 100 கெஜத்தில் 3 அங்குலம் மேலே வைத்தால் 200 கெஜத்தில் ஏறக்குறைய நேராக இறங்கும். .308-இல் 150 கிரெய்னுக்கு 2 அங்குலம் போதும். பிறகு 1.5 பவரில் மூன்று, 4 பவரில் மூன்று சுட்டுப் பாருங்கள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். மலிவு ஸ்கோப்புகள் தோற்பது பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான்.

இதன் குறைகள் என்றால், அடிமட்டம் 1.5, உண்மையான 1 பவர் அல்ல. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் படங்களுக்கு இடையே லேசான வேறுபாடு உறுத்தும், பழகினால் போய்விடும். முன்கண்ணாடி சின்னது என்பதால் ஒரு மழைத்துளி உட்கார்ந்தாலே படத்தில் பெரும்பங்கு கலங்கும், மரத்திலிருந்து விழும் பனிக்கும் அதே கதி. மூடி கட்டாயம், அதுவும் ஒரே இழுப்பில் கழன்று வரும் ரப்பர் மூடி. பென்சில்வேனியாவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனையாவது இருந்தால்தான் ஆண்மானைச் சுடலாம். 4 பவரில் அந்தியில் முனை எண்ணுவது நடக்காத காரியம். அதற்குத் தொலைநோக்கி வேண்டும். ஸ்கோப்பால் துழாவினால் துப்பாக்கிக் குழலும் கூடவே துழாவும், எதிரில் ஆரஞ்சுச் சட்டை போட்ட இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம்.

வயோமிங் புல்வெளியில் 300 கெஜத்துப் பிராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு) வேட்டைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கிதான் என்றால், கொஞ்சம் எடை கூடினாலும் 2-7×33 நல்ல சமரசம். இதையும்விட இலேசாக வேண்டுவோர் லூபோல்டின் பழைய எஃப்எக்ஸ்-2 அல்ட்ராலைட் 2.5×20-ஐப் பழைய சந்தையில் தேடலாம். 6.5 அவுன்ஸ், பவர் வளையமே கிடையாது, இப்போது தயாரிப்பதில்லை. லூபோல்டின் வாழ்நாள் உத்தரவாதம் கைமாறினாலும் தொடரும், ரசீதும் கேட்பதில்லை. வாங்கியதும் டரட் மூடிகளை இறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். முதலில் மூடிக்கு அடியிலிருந்து ஓரிரு குமிழி வரும், அது சிக்கியிருந்த காற்று. கண்ணாடியின் விளிம்பிலிருந்து விடாமல் குமிழி வந்தால் உள்ளே நிரப்பிய வாயு கசிகிறது. சீசனுக்குக் காத்திராமல் உடனே ஓரிகனுக்கு அனுப்பிவிடுங்கள்.