சுவிட்சுக்கு பிங்கா, சுவிட்சைத் தாண்டி பிங்கா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை. குலை லாரிகளை நிறுக்கும் இடத்தில் உள்ள கணினி, அலுவலக சர்வருக்குக் கணக்கு அனுப்ப அடிக்கடி திணறியது. சீட்டு அச்சாகும் வரை லாரி நகராது. பின்னால் வரிசை நீளும். எனக்கு முன்னால் வந்து பார்த்தவர் சுவிட்சின் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) ஐபி முகவரிக்கு பிங், அதாவது பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி, அனுப்பியிருக்கிறார். 1, 1, 38, 2, 64 மில்லி செகண்ட் என்று எண்கள் குதித்திருக்கின்றன. "சுவிட்ச் போச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) வரும் தரவை இன்னொரு போர்ட்டுக்குத் தள்ளுவது சுவிட்சுக்குள் இருக்கும் தனிச் சிப். சுவிட்சின் சொந்த முகவரிக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வது அதன் சிறிய சிபியு. அதற்கு வேறு வேலைகள் உண்டு, பிங் கடைசியில்தான். அலுவலகத்தில் கிராணி போனை எடுக்கத் தாமதித்தார் என்பதற்காக, வாசலில் லாரி நின்றுவிட்டது என்று ஆகுமா? 1500 பைட் பொட்டலம் ஒன்றை 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப சுமார் 0.12 மில்லி செகண்ட் போதும். நெரிசல் இல்லாத சுவிட்சில் 64 என்ற எண் வந்தால், முதலில் சிபியுவைத்தான் நினைக்க வேண்டும்.

எனவே சுவிட்சைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் கணினிக்கு பிங் அனுப்புவதே நல்ல சோதனை. (விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்து வைத்திருந்தால் பதிலே வராது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) நான் சர்வரிலிருந்து நிறுவைக் கணினிக்கு அனுப்பினேன். எல்லாப் பதிலும் 1 மில்லி செகண்டுக்குள். சரி, பிரச்சினையே இல்லை என்று கிளம்பியிருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட், அதுவும் வினாடிக்கு ஒன்று. காலி ரோட்டில் சைக்கிள் விட்டுப் பார்த்து, லாரிக்கும் ரோடு தாங்கும் என்று சொல்வது போல. அளவை 1400 பைட்டாகக் கூட்டி, அதே நேரத்தில் ஒரு பெரிய கோப்பையும் நகலெடுக்கவிட்டேன். பதில்கள் தாமதமாயின, சில வரவே இல்லை.

பிங் அதற்கு மேல் எதுவும் சொல்லாது. காரணத்தைச் சொன்னது சுவிட்சின் போர்ட் கணக்கு. நிறுவைக் கணினியின் போர்ட்டில் 'லேட் கொலிஷன்' (தாமதமாக நடக்கும் தரவு மோதல்) எண் ஏறிக்கொண்டே இருந்தது. இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறை, என்று காட்டியது. அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டை யாரோ எப்போதோ 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் முறை) என்று கட்டிப்போட்டிருந்தார்கள். சுவிட்ச் பக்கம் ஆட்டோ, அதாவது எதிர்ப்பக்கத்தோடு பேசி வேகத்தையும் முறையையும் தானே முடிவு செய்யும். எதிர்ப்பக்கம் பேரம் பேச மறுத்தால், ஆட்டோவில் இருப்பது வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் எந்நேரமும் பேசும். மறுபக்கம் காத்திருந்து பேசப் பார்க்கும். போக்குவரத்து குறைவாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, லாரி வரிசை சேர்ந்த பிறகுதான் வலிக்கும். கார்டையும் ஆட்டோவுக்கு மாற்றினேன். லேட் கொலிஷன் எண் அதோடு நின்றது. அப்புறம் அதே கோப்பை நகலெடுத்தபடியே பிங் விட்டேன், ஒரு பதிலும் தொலையவில்லை.

இந்தக் கணக்குகளைப் பார்க்க மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும். மலிவான சாதாரண சுவிட்சில் ஐபி முகவரியும் இல்லை, போர்ட் கணக்கும் இல்லை. கேபிளையும் போர்ட்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. தோட்டப் பக்கத்தில் அலுவலகத்துக்கும் நிறுவை இடத்துக்கும் தூரம் அதிகம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதையும் அளந்து பாருங்கள்.

சுவிட்சை மாற்றுவது எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. மின்னல் அடித்த மறுநாள் சில போர்ட்டுகள் மட்டும் செத்துக் கிடந்தால், அல்லது நல்ல கேபிளைப் போட்ட பிறகும் ஒரு போர்ட்டில் சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்ததன் அடையாளம்) ஏறிக்கொண்டே போனால், மாற்றத்தான் வேண்டும். அந்த ஆலையில் இரண்டுமே இல்லை. பழைய சுவிட்சே இன்றும் ஓடுகிறது. அதன் முகவரிக்கு பிங் அனுப்பினால் இன்னமும் 40, 60 வரும்.