வெள்ளி பெயின்ட் அடித்த டைனமோ: இரண்டு வருட அனுபவம்

"மச்சான், என் மாருதி ஜென் கார்ல டைனமோ போயிடுச்சு. ரீகண்டிஷன் போட்டா தாங்குமா?" என்று காலையில் நண்பன் போன் செய்தான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரைத்தான் எங்கள் பக்கம் மெக்கானிக்குகள் டைனமோ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ரீகண்டிஷன் என்றால் பழசைச் சரி செய்து மறுபடி விற்பது.

என் வண்டி 2003 மாருதி 800. வீடு திருவொற்றியூர். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினை ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டார், டைனமோ இரண்டும் அவுட். "கழட்டி வேலை பாத்தா ரெண்டு நாள் ஆகும் சார். பழசைக் குடுத்துட்டு ரெடியா இருக்கறதை எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். பழசு போக டைனமோவுக்கு 2,200 ரூபாய், ஆறு மாத கேரன்டி. மேலே பளபளவென்று வெள்ளி பெயின்ட். புதுசு போலவே இருந்தது. சரியென்று வாங்கிவிட்டேன்.

அதே நாளில் அதே கடையில் வாங்கிய ரீகண்டிஷன் செல்ஃப் மோட்டாரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மார்கழிக் காலையிலும் சாவியைத் திருப்பினால் ஒரே இழுப்பில் ஸ்டார்ட். கம்பெனி மோட்டார்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. இன்று வரை ஒரு நாள் மக்கர் செய்ததில்லை.

டைனமோ ஏழாவது மாதத்தில் போனது. அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் முன்பக்கத்தில் ஊளையிடுகிற மாதிரி சத்தம், ரப்பர் கருகும் வாடை. டோல்கேட் பக்கத்தில் பெல்ட் அறுந்து பேட்டரி லைட் எரிந்தது. இந்த வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். அப்படியே ஓட்டியிருந்தால் இன்ஜினே வெந்திருக்கும். உடனே ஓரங்கட்டி, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். டைனமோ பேரிங் இறுகிப் போயிருந்தது.

கேரன்டி முடிந்து ஒரு மாதம் ஆகியும் கடைக்காரர் பேச்சே இல்லாமல் வேறொன்று கொடுத்தார். அந்த நேர்மையை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் கொடுத்ததும் அதே வெள்ளி பெயின்ட் சரக்கு. ஆறு மாதம் கழித்து இன்னொரு வியாதி. இரவில் நிறுத்தினால் காலையில் பேட்டரி டவுன். பேட்டரியைக் குறை சொல்லி அதையும் ஒரு தடவை மாற்றினேன். வீண் செலவு.

கடைசியில் காலடிப்பேட்டையில் ஒரு பெரியவர், பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன், என் கண் முன்னாலேயே அதைப் பிரித்தார். கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடுகள் இருக்கும் டயோட் பிளேட்டில் ஒரு டயோடு ஷார்ட். வண்டி நிற்கும்போது பேட்டரி கரண்ட் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கார்பன் பிரஷ் உரசுகிற செம்பு வளையமான ஸ்லிப் ரிங்கில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம், உப்புக்காற்றுப் பச்சை வேறு. அதைக் கடைசல் பிடித்துச் சமப்படுத்தாமல் மேலே புது கார்பன் பிரஷ்ஷை வைத்திருக்கிறார்கள். பின்பக்க பேரிங் பழசேதான், புது கிரீஸ் மட்டும் அப்பியிருந்தது. "பேரிங் என்னா விலை வந்துடப் போவுது தம்பி? அதைக்கூட மாத்தல பாரு" என்றார். எனக்கு ஆத்திரமே அங்கேதான். பெயின்ட் அடிக்க ஆன நேரத்தில் பேரிங்கை மாற்றியிருக்கலாம்.

செல்ஃப் மோட்டார் ஒரு தடவைக்குச் சில விநாடிகள்தான் சுற்றுகிறது. அரைகுறை வேலையைக்கூட அது தாங்கிவிடும். டைனமோ அப்படியில்லை. இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம், இன்ஜினைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. அதில் பழைய பேரிங்கை விட்டுவைப்பது தெரிந்தே செய்கிற துரோகம்.

பெரியவர் இரண்டு பேரிங், பிரஷ், டயோட் பிளேட் எல்லாம் புதுசு போட்டு, ஸ்லிப் ரிங்கைக் கடைசல் பிடித்துக் கொடுத்தார். மொத்தம் 1,400 ரூபாய். ஒரு வருடம் ஆகப்போகிறது. ஹெட்லைட் போட்டும் 14.1 வோல்ட் நிற்கிறது, சத்தமே இல்லை. ஆக, நான் திட்டுகிற அதே டைனமோதான் இன்றும் என் வண்டியில் அருமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ரெடியாக விற்கிற ரீகண்டிஷன் டைனமோவை இனி வாங்கவே மாட்டேன். இருபது வருடம் ஓடிய என் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வந்தது இன்னும் மனதை அறுக்கிறது. அந்த 1,400 ரூபாய் வேலையை அதிலேயே செய்திருக்கலாம்.

நண்பா, நீ வாங்கியே தீருவதென்றால் கடையிலேயே பெல்ட் மாட்டுகிற சக்கரமான புல்லியைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேள். கரகரவென்றால் அங்கேயே வைத்துவிடு. மாட்டிய பிறகு இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5க்கும் 14.5க்கும் நடுவே வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட் பக்கம் திருப்பினால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் டயோடில் கோளாறு. ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறேன், காலடிப்பேட்டைக்கே போகலாம். அதுவரை உன் பழைய டைனமோவை யாரிடமும் கொடுத்துவிடாதே.